நான் வெளியே உட்கார்ந்திருந்த டேக்

போன வாரம் நீங்கள் நான்கு பேரும் செங்கம் ரோட்டில் என் அறைக்கு வந்திருந்தீர்கள். சினிமாவில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முகத்தில் அத்தனை அலுப்பு. கன்டின்யூட்டி பார்க்கிற உதவி இயக்குநருக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். ஞாபகசக்தி என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் பஸ் ஏறிய பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் செய்த வேலையைப் பற்றி ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவன் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மறைக்கிறவனாக இருக்க வேண்டும். இந்த ஊரில் ஞானிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தக் கணக்கில் நான் வர மாட்டேன். மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

வெளியாட்களுக்கு நம் வேலையை நான் இப்படித்தான் விளக்குவேன். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கிறோம், ஒவ்வொரு துண்டையும் நாலைந்து டேக் எடுக்கிறோம். முதல் துண்டில் சொம்பு வலது கையில் இருந்தால் அடுத்ததிலும் வலது கையில்தான் இருக்க வேண்டும். முந்தானை மடிப்பு, நெற்றி வியர்வை, இலையில் மிச்சமிருக்கும் சோறு, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எடிட்டிங்கில் ஒட்டாது, திட்டு நமக்கு. நீங்கள் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். நான் கடைசி வரைக்கும் அட்டையில் காகிதத்தைச் செருகி, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேனாவால்தான் எழுதினேன். என் கண்ணுக்குத் தப்பிய சொம்பு கிடையாது என்று யூனிட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதில் எனக்கு ஆசை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும். இதே ஊரில் ஒரு படம். இயக்குநருக்கு அதுதான் முதல் படம், என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர், பேச்சு கம்மி. கதாநாயகியின் பெயர் இன்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதனால் சொல்லப்போவதில்லை. இந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். எட்டு வயதில் தொடங்கி, பள்ளி விட்டதும் வேன் பிடித்து வந்து இங்கே ஒரு வகுப்பில் பரதம் கற்றுக்கொண்டவள். கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாண மண்டபம் என்று பதினொரு வருடம் ஆடியிருந்தாள். தீபத்து சமயத்தில் ஒரு மேடையில் அவள் ஆடியதை நம் இயக்குநர் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்படித்தான் வந்தாள். நடிப்பு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை, நேரமும் இல்லை.

முதல் நாள் காலையில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேமரா முன்னால் வந்து நின்றாள். எல்லாப் புது நடிகர்களிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஒவ்வொரு டேக்கும் ஒரே மாதிரி பண்ணும்மா. மாறிச்சுன்னா எனக்குத்தான் திட்டு விழும்."

மற்றவர்கள் இதற்குத் தலையாட்டிவிட்டு, அடுத்த டேக்கிலேயே கையை மாற்றிவிடுவார்கள். இந்து மாற்றவில்லை. நடந்து வருவது எட்டு அடி என்றால் ஐந்து டேக்கிலும் எட்டே அடி. தாவணியை எந்தச் சொல்லில் சரிசெய்தாளோ அதே சொல்லில்தான் மறுபடியும் சரிசெய்வாள். இரண்டாம் நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு காட்சி. ஆறு வருடம் முன்பு வீட்டை விட்டுப் போன அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான், அவள் பார்த்து அழ வேண்டும். நான்கு டேக்கிலும் இடது கண்ணில், "எளச்சிட்டண்ணா" என்ற சொல்லில், ஒரே சொட்டு. யூனிட்டே கைதட்டியது. நான் என் காகிதத்தில் 'கண்ணீர், இடது, எளச்சிட்டண்ணா' என்று எழுதி, அடியில் கோடு போட்டேன். இப்படி ஒரு குறிப்பை எழுதுகிற பாக்கியம் நம் தொழிலில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கட் சொன்னதும் அவள் என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அவள் முகம் மலரும். இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார், நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவன் என்று பேரெடுத்த ஆள் நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இயக்குநர் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலை மேல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அரை கிளாஸ் டீயைக் குடித்தார். அப்புறம் சொன்னார்.

"நாலு டேக் எடுத்தா நாலும் ஒண்ணுதான் சார். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தப்புகூட இல்ல. உசுரும் இல்ல."

நாளை மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் ஊருக்குள் ஒரு வண்டி நுழைய முடியாது. அதனால் சென்னையில் ஏற்கனவே பார்த்து வைத்திருந்த வேறொரு பெண்ணை நாளை ராத்திரிக்குள் வரவழைக்க ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார். நாளைக்கு எடுக்கப்போகிற சாப்பாட்டுக் காட்சிதான் படத்தின் உயிர். அதுவும் இப்படியே வந்தால் இந்துவை அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வாழ்நாளில் பார்த்த ஒரே ஒழுங்கான நடிகையை இந்தச் சின்னப்பையன் குறை சொல்கிறானே என்று. கோபம் தணிந்ததும் அவளுடைய அப்பாவின் ஞாபகம் வந்தது. தினமும் மத்தியானம் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு வண்டியில் வருவார். பெண்ணைச் சினிமாவுக்கு அனுப்பியதற்காக அவருடைய அண்ணன் தம்பிகள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அதை என்னிடம் சொன்னபோதும் அவர் வருத்தப்படவில்லை. படம் வந்தால் தானாகப் பேசுவார்கள் என்று அத்தனை நம்பிக்கை. நாலே நாளில் பெண் திரும்பிப் போனால், நடிப்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றா ஊர் பேசும்? ஊர் வேறு என்னவெல்லாம் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சு அவளை மறுபடி எந்த மேடையிலும் ஏற விடாது.

நாலாம் நாள் வேங்கிக்கால் பக்கம் ஒரு வீட்டில் காட்சி. அண்ணன் இலை போட்டுச் சாப்பிடுகிறான், தங்கை பரிமாறுகிறாள், நடுவில் அவன் "நாளைக்குக் கெளம்பறேன்" என்கிறான். அவ்வளவுதான். அதுவரைக்கும் வெளிப்புறத்தில் எடுத்தோம், அந்தக் குரலையெல்லாம் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தோம். இந்தக் காட்சிக்கு மட்டும் நேரடி ஒலிப்பதிவு.

முதல் டேக் வழக்கம் போல அப்பழுக்கில்லாமல் வந்தது. இயக்குநர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு குறும்பு செய்தேன். யாருக்கும் தெரியாமல் டம்ளரை இலைக்கு வலது பக்கத்திலிருந்து எடுத்து, கதவு ஓரம் வைத்துவிட்டேன். என் கையால் நானே ஒரு பொருளை இடம் மாற்றியது அந்த வேலையில் அதுதான் முதல் தடவை. அடுத்த டேக்கில் தண்ணீர் ஊற்றக் குனிந்த இந்து டம்ளர் இல்லாமல் ஒரு கணம் திகைத்தாள். கண் அலைந்தது. முகத்தில் முதல் முறையாக எழுதி வைக்காத ஏதோ ஒன்று வந்தது. இயக்குநர் நிமிர்ந்தார். கட் சொன்னதும் ஒளிப்பதிவாளரின் உதவியாளர் தலையைச் சொறிந்தார். போகஸ் போய்விட்டதாம்.

இன்னொரு டேக் போனோம். டம்ளர் கதவு ஓரம் இருப்பது இப்போது அவளுக்குத் தெரியும். இந்து குனிந்தாள், அதே இடத்தில் திகைத்தாள், அதே பக்கம் கண் அலைந்தது, அதே அளவு. அந்தத் திகைப்பையும் ஒரே தடவையில் பாடம் செய்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது.

இதற்கு நடுவில் ஒலிப்பதிவாளர் வேறு ஒரு தொல்லையில் இருந்தார். காலையிலிருந்து ஹெட்போனில் டக்கு டக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது என்றார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் கெஞ்சினார்கள். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் அவர் மைக்கைக் கூடமெங்கும் நீட்டிக்கொண்டே வந்து, என் முன்னால் நின்றார். என் பேனாவின் மூடி அட்டையில் தட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடப் பழக்கம், தட்டுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த டேக்கில் இந்து தடுமாறினாள். சோறு போட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். வசனம் மறந்தது. அண்ணனாக நடித்தவர் "நாளைக்குக் கெளம்பறேன்" என்றார், அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தாள். அடுத்த டேக்கும் அப்படியே போனது. மூன்றாவதற்கு இயக்குநர் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் விட்டுவிட்டு, தயாரிப்பு மேலாளரைக் கூப்பிட்டு சென்னைக்குப் போன் போடச் சொன்னார்.

நான் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். தயங்கித் தயங்கி அவள் சொன்ன பதிலை இன்று வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க தட்டுனாதான் சார் எனக்கு எங்க அழணும்னு தெரியும்."

நாட்டியத்தில் மேடையின் ஓரத்தில் ஒருவர் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆடுகிறவர்களின் காது அவரிடம்தான் இருக்கும், அவர் தட்டாமல் கால் நகராது. கேமராவுக்குப் பக்கத்தில் கையில் அட்டையோடு, வாய்க்குள் முணுமுணுத்தபடி, தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த என்னை அவள் அந்த ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே மாதிரி பண்ணு என்று முதல் நாள் நான் சொன்னதுதான் அவளுக்குப் பாடம். இயக்குநர் மெதுவாக வந்து காதில் சொன்னதெல்லாம் அவளுக்கு யாரோ பேசுகிற பேச்சு. கட் ஆனதும் என்னைப் பார்த்தாள், நான் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். அவளைக் கெடுத்தது நான்தான். அதில் சந்தோஷப்பட்டதும் நான்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், இதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு இருந்தது ஒரு சாப்பாட்டு நேரம். தட்டுவதை நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்தியும் பார்த்தாயிற்று. நான் அங்கே இருக்கும் வரைக்கும் அவள் கண் என் கைக்குத்தான் வரும். என் இடத்தில் வேறொரு உதவி இயக்குநரை உட்கார வைத்தால் அவன் அடுத்த தாளக்காரன் ஆகிவிடுவான். சென்னையிலிருந்து ஆள் வருவதை அவளிடம் சொல்லி உசுப்பலாமா என்றும் யோசித்தேன். பயந்தவர்கள் தெரிந்ததைத்தான் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. நேரே இயக்குநரிடம் போய், ஒரே ஒரு டேக் கொடுங்கள், நான் வீட்டுக்குள் இருக்க மாட்டேன் என்றேன். அப்போது கன்டின்யூட்டி யார் பார்ப்பது என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்றேன்.

"நீங்களா சார் இத சொல்றீங்க?"

நான்தான் சொன்னேன். டேக் நடக்கும்போது கன்டின்யூட்டி ஆள் வெளியே போவது, பரீட்சை நடக்கும்போது வாத்தியார் ஊருக்குப் போவது மாதிரி. காட்சி ஒட்டாமல் போனால் என் பெயர் அன்றோடு முடியும், அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

இந்துவிடம் போனேன். நான் வெளியே போகிறேன், நீ எப்படி வேண்டுமானாலும் பண்ணு, எதுவும் ஒத்துப்போக வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"மொத நாள் நீங்கதான சார் ஒரே மாதிரி பண்ணுன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்மா."

"அப்போ நான் யார பாக்கறது?"

"எதிர்ல உக்காந்து சாப்பிடறாரே உங்கண்ணன், அவர பாரு. நாளைக்குப் போறாராம்."

நான் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள்.

எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் வண்டியை நிறுத்தி, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை அங்கே பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கலவரம்.

"உள்ள என்னா சார் நடக்குது?"

"உங்க பொண்ணு நடிக்குது."

"நீங்க இல்லாமயா?"

நான் இல்லாமல்தான் என்றேன். அவர் ஒரு பிடி வறுத்த கடலையை என் கையில் போட்டார், தின்னாமல் வைத்திருந்தேன். சென்னைக்குப் போன் போட்ட விஷயத்தை அந்த மனுஷனிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மெயின் ரோட்டில் கிரிவலத்துக்கு முன்கூட்டியே வந்த பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, அந்தச் சத்தம் உள்ளே கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எனக்குத் திக்கென்றது. என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான டேக் பார்த்திருப்பேன். மறக்காமல் இருப்பது பார்க்காத அந்த ஒன்றுதான்.

கதவு திறந்தது. இயக்குநர் வரவில்லை, இந்து வரவில்லை. ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாளாம், அண்ணனாக நடித்தவர் நாளைக்குக் கிளம்புகிறேன் என்றதும் சட்டென்று திரும்பி நின்றுவிட்டாளாம், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சபைக்கு முதுகு காட்டாதே என்றுதான் ஆடுகிறவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்தவள் முதுகைக் காட்டினாள் என்றால் காட்சி பாழ் என்றுதான் நினைத்தேன்.

"மூஞ்சியே தெரியல சார். எனக்கு மூச்சு மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ரசம் ஊத்தட்டுமாண்ணா'னு கேட்டாங்க. டயலாக்ல அது இல்லவே இல்ல. அவரு சாப்பிடறத நிறுத்திட்டாரு."

சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் தயாரிப்பு மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், இங்கே தேவைப்படவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்துவின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, சோறு ஆறிப்போகிறது, பெண் எப்போது வரும் என்று என்னைக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு என்று சொன்னேன்.

அந்தக் காட்சி எடிட்டிங்கில் ஒட்டவில்லை. ரசக் கரண்டி ஒரு துண்டில் இடது கையில், அடுத்ததில் வலது கையில். எடிட்டர் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். படம் வந்தபோது அந்தக் காட்சியில் கரண்டியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இதை வைத்துக்கொண்டு கன்டின்யூட்டி முக்கியமில்லை என்று நீங்கள் திரியப்போகிறீர்கள், தெரியும். உதைப்பேன். கரண்டி எந்தக் கையில் இருந்தது என்று எழுதத்தான் சம்பளம், ஒழுங்காக எழுதுங்கள். ஆனால் நம் முன்னால் நிற்கிறவர்கள் யாருக்காக நடிக்கிறார்கள் என்று அவ்வப்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். உங்களுக்காக என்று தெரிந்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். அந்த நிமிஷமே எழுந்து வெளியே போய்விடுங்கள்.

பௌர்ணமி கழிந்து மறுநாள் படப்பிடிப்பு தொடங்கியது. நான் பழையபடி முக்காலியில் உட்கார்ந்தேன். மூன்று டேக் போனது, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. முதலில் உட்கார்ந்தாள், பிறகு நின்றாள், மூன்றாவதில் வாசல் வரைக்கும் போய்விட்டாள், பின்னாலேயே கேமரா ஓடியது. நான் வேர்க்க விறுவிறுக்க எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை கட் சொன்னதும் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கினேன், தலையாட்டத் தயாராக. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றாள். என் அட்டையில் பக்கம் பக்கமாக அடித்தும் திருத்தியும் கிடந்ததைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேலை ஜாஸ்தி ஆயிடுச்சா சார்?"

ஆமாம்மா, இப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அப்பாவைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.